சிவப்புத் தொட்டி சலோமேயா

சலோமேயா ஹெஃப்டி களவு செய்தாள், அந்தப் பழியை என் அண்ணன் தலையில் விழவிட்டாள் என்று இரண்டு வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பலர் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள். அவள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. நடந்ததைக் கூட இருந்து பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

எங்கள் மலைநாட்டின் தலைநகரமான கிளாருஸ் தீப்பிடித்து எரிவதற்கு மூன்று வருஷம் முந்தியது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மெல்கியோர் ரைனர் முதலாளியின் துணி அச்சாலையில், தலைக்குட்டைகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கிற அறையில் வேலை. என் அண்ணன் பால்ட்ஸ் அதே ஆலையில் அச்சுக்காரன். செதுக்கிய மரக்கட்டையைச் சாயத்தில் தொட்டு, சிவப்புத் துணியின் மேல் பூவும் கொடியும் பதிப்பான். அந்தச் சிவப்பை உண்டாக்கியவள் சலோமேயா.

நாற்பதைத் தாண்டியவள். கணவன் பலகைக்கல் வெட்டும் குழியில் பாறை சரிந்து செத்துப்போனான், பிள்ளைகள் இல்லை. மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவைக்கும் பெரிய செப்புத் தொட்டியின் பக்கத்தில் பதினோரு வருஷமாக நின்றதில் அவள் கைகள் முழங்கை வரை செங்கல் நிறமாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வரும்போது கோடையிலும் கம்பளிக் கையுறை போட்டிருப்பாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் யோசித்துத்தான்.

ரைனரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா பலகைக்கல் சிலேட்டுகளை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவர். மகன் பத்தொன்பது வயதில் மூலூஸ் நகரத்துச் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனார். ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வரும்போது, சோப்புக்கும் வெயிலுக்கும் அசையாத ஒரு சிவப்போடு வந்தார். லிந்த் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார், ஆலை கட்டினார், துணி உலர்த்த ஐந்து மாடி உயரத்தில் மரக்கோபுரம் எழுப்பினார். எங்கள் தலைக்குட்டைகள் ஸ்மிர்னாவுக்கும் கான்ஸ்டான்டினோப்பிளுக்கும் கப்பலேறின. கல்லையும் ஆட்டையும் தவிர ஒன்றுமில்லாத பள்ளத்தாக்கில் நானூறு பேருக்கு வேலை கொடுத்தவர். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அவருக்கு ஒருவர் மேலும் நம்பிக்கை கிடையாது. துணியை எண்ணெயிலும் ஆட்டுப் புழுக்கையிலும் ஊறவைக்கிறவர்கள் ஒரு வாசல் வழியாக வரவேண்டும். படிகாரத்தில் முக்குகிறவர்களுக்கு வேறு வாசல். ஒரு அறைக்காரர் அடுத்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது. அலுவலகச் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் பின்னால் அவர் கண் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமலேயே நாங்கள் தைத்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஜாடி. தொட்டியில் மஞ்சிட்டியும் மாட்டு ரத்தமும் சேர்ந்து கொதிக்கும் நேரத்தில், பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு மண்ஜாடியை அவரே எடுத்துவருவார். மற்ற எல்லோரும் வெளியே போகவேண்டும். சலோமேயா மட்டும் இருப்பாள், அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கவேண்டும். அவர் ஊற்றுவார், மூடியைப் போடுவார், போய்விடுவார். வெளியூர் வியாபாரிகளிடம், "நம்ம சிவப்போட உசிரு அந்த ஜாடியிலதான் இருக்கு" என்பார். விரியன் பாம்பின் பித்தம் என்றார்கள் சிலர். கிரேக்க நாட்டு ஒயின் என்றார்கள் சிலர். கேட்கத் துணிந்தவர் யாரும் இல்லை.

அந்த வசந்தத்தில் லிவோர்னோவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் முதலாளியின் மேஜைமேல் ஒரு தலைக்குட்டையைப் போட்டார். ஆற்றுக்கு அக்கரையில் புதிதாக எழுந்திருந்த ஆலையின் சரக்கு. ரைனர் அதைச் சாம்பல் காரத்தில் கொதிக்கவைத்தார், சோப்புப் போட்டுக் கசக்கினார், நான்கு நாள் வெயிலில் தொங்கவிட்டார். நிறம் அசையவில்லை. அப்படியே எங்கள் சிவப்பு.

அன்றிலிருந்து ஆலை வேறு இடமாகிவிட்டது. வேலை முடிந்து போகும்போது வாசலில் சோதனை. பெண்களை மேஸ்திரியின் மனைவி சோதித்தாள். பின்னலை அவிழ்த்துக் காட்டவேண்டும். தகவல் சொல்கிறவர்களுக்குக் குளிர்காலத்தில் அடுப்புப் பக்கத்து இடம் என்று பேச்சு பரவியது. மத்தியானம் உருளைக்கிழங்கும் பச்சைப் பாலாடைக்கட்டியும் தின்ன உட்கார்ந்தால் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டோம். யாராவது இருமினால், அது யாருக்குச் சைகை என்று பார்த்தோம்.

நானும் பார்த்தேன். அக்கரைத் தலைக்குட்டை கை மாறி மாறி எங்கள் அறைக்கும் தொட்டிக்கும் வந்தபோது ஆளாளுக்கு அதை முகர்ந்தார்கள், நக்கிக்கூடப் பார்த்தார்கள். சலோமேயா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துடுப்பால் தொட்டியைக் கிளறப் போய்விட்டாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எனக்கு அது உறுத்தியது. அன்று மாலை என் பின்னலை அவிழ்க்கும்போது மேஸ்திரியின் மனைவியிடம் அதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு முழுதாகத் தெரியாது. என் தலையிலிருந்து அவள் கையை எடுக்கவேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் சலோமேயாவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். ஜாடி திறக்கும்போதெல்லாம் சுவரைப் பார்த்து நின்றவள் என்பதால் விட்டுவிட்டார்கள். அடுத்து அகப்பட்டவன் என் அண்ணன்.

பால்ட்ஸ் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனதை மேஸ்திரி பார்த்திருக்கிறார். அலமாரிப் பூட்டிலும் ஏதோ கீறல் இருந்ததாம். முதலாளி கேட்டபோது, எங்கே போனேன் என்பதைச் சொல்லமாட்டேன் என்றிருக்கிறான் இவன். அன்றே வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தான்.

"எங்க போன? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றேன்.

"சும்மா நடக்கப் போனேன்."

"மூணு ஞாயித்துக்கிழமையும் அதே பாலத்து மேலயா?"

"இருக்கறது ஒரே பாலம்தானே, ரோசினா."

"நீயே எடுத்திருந்தாலும் சொல்லிடு. நான் உன் தங்கச்சி."

கரண்டியைக் கீழே வைத்தான். "நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?"

இல்லை என்று நான் உடனே சொல்லியிருக்கவேண்டும். சொன்னேன், கொஞ்சம் தாமதித்து. அந்தத் தாமதத்தை அவன் பிறகு எப்போதும் மறக்கவில்லை.

போதகரும் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேரும் அவனை விசாரிப்பது என்று முடிவானது. களவு உறுதியானால் ஊர்க்காட்டு விறகிலும் மேய்ச்சலிலும் எங்கள் வீட்டுப் பங்கு போய்விடும். பள்ளத்தாக்கில் எந்த ஆலையும் அவனைச் சேர்க்காது. விசாரணைக்கு முந்தின நாள் நான் சலோமேயாவின் வீட்டுக்குப் போனேன். கதவைக் கையகலம்தான் திறந்தாள்.

ஜாடியில் என்ன இருந்தது, யார் எடுத்திருக்க முடியும் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். கெஞ்சியும் கேட்டேன், மிரட்டியும் கேட்டேன்.

"அந்த ஜாடியப் பத்தி எங்கிட்டக் கேக்காத."

"அப்போ உங்களுக்கு ஏதோ தெரியும்."

"உனக்கு உங்க அண்ணனக் காப்பாத்தணுமா, இல்ல என்னைப் பிடிச்சுக் கொடுக்கணுமா? மொதல்ல அத முடிவு பண்ணிட்டு வா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த வீட்டு வாசலிலேயே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இவள்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் தெற்கிலிருந்து அனல் காற்று வீசியது. அந்தக் காற்றில் ஊரில் எங்கும் நெருப்பு மூட்டக்கூடாது. காவலர்கள் வீடு வீடாக அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆலைத் தொட்டியும் அணைந்து கிடந்தது. அதனால் வேலைக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூட அறையின் பின்பக்கம் வந்து நின்றோம். முன்னால் போதகரும் பெரியவர்களும். ரைனர் கீறல் விழுந்த பூட்டையும், சாட்சிக்காக அந்த ஜாடியையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவரும் அந்தப் பெரியவர்களின் சபையில் ஓர் அங்கத்தினர். குரலை உயர்த்தத் தேவையில்லாதவர். இருபது வருஷ உழைப்பைத் தன் சோற்றைத் தின்ற ஒருவன் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டான் என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று போதகர் பால்ட்ஸைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். கேட்டது மூன்று தடவை. மூன்றாவது தடவை பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் அவனோடு பத்து வருஷம் ஒரே மேஜையில் அச்சு வைத்தவர்களும் இருந்தார்கள்.

அப்போது சலோமேயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கூப்பிடாமல் பெண்கள் பேசும் வழக்கம் அங்கே இல்லை. போதகர் கையை உயர்த்தினார். அவள் நிற்கவில்லை.

"ஜாடியில இருக்கறத இவன் திருடினான்னு சொல்றாங்க. ஜாடியில திருடறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

ரைனர் சிரித்தார். அவள் போதகரைப் பார்த்தே பேசினாள்.

"நாலு வருஷத்துக்கு முந்தி முதலாளி பித்தப்பை வலியில பதினெட்டு நாள் படுத்திருந்தாரு. தொட்டி கொதிச்சிட்டிருந்துச்சு. விட்டா முந்நூறு முழம் துணி பாழ். ஜாடி இல்லாமலே சாயம் ஏத்தினேன். நிறம் ஒரு பொட்டு மாறல. எந்திரிச்சு வந்து பாத்துட்டு, இந்தத் தடவை நல்லா வந்திருக்குன்னு முதலாளியே சொன்னாரு. அந்தத் துணிதான் ஸ்மிர்னாவுக்குப் போச்சு."

"யார் சொல்லிக் குடுத்து இதப் பேசற நீ?" என்றார் ரைனர்.

அவள் மேஜையிலிருந்த ஜாடியை எடுத்தாள். மூடியைக் கழற்றி, வாய் வைத்து, தாகமெடுத்தவள் போல மடக் மடக்கென்று குடித்தாள். பாம்புப் பித்தம் என்று நம்பியவர்கள் அங்கே பலர் இருந்தோம். அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தண்ணி. ஒரு கரண்டி காடி. மீதி இருக்கு, ஐயாவும் ருசி பாக்கலாம்."

போதகர் முகர்ந்தார். விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு ஜாடியைப் பக்கத்துப் பெரியவரிடம் நகர்த்தினார். கடைசியில் இருந்த கிழவர்தான் கேட்டார்: "எதுக்கு மெல்கியோர் இத்தனை வருஷமா?"

ரைனர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "இத ஊத்தியிருக்கலேன்னா ஆளாளுக்கு ஒரு தொட்டி வெச்சிருப்பீங்க. ஒண்ணு குறையுதுன்னு நினைச்சதாலதான் எங்கிட்டயே இருந்தீங்க" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

களவு இல்லை என்று தீர்ப்பானது. விறகும் மேய்ச்சலும் தப்பின. பால்ட்ஸுக்கு வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தபிறகுதான் என்னிடம் வாய் திறந்தான். அக்கரையில் வால்பூர்கா என்று ஒரு ரொட்டிக்கடை விதவை, கத்தோலிக்கப் பெண்; நாங்களோ புராட்டஸ்டண்ட் சபை. அவளைப் பார்க்கத்தான் போயிருக்கிறான். போதகர் முன்னால் அதைச் சொன்னால் அவளைச் சந்தி சிரிக்க வைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தானாம்.

சலோமேயாவை மறுநாளே ஆலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். யாரும் வருத்தப்படவில்லை என்பதுதான் விசேஷம். நாலு வருஷமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவள், எங்கள் பின்னலை அவிழ்த்துக் காட்டும்போது வேடிக்கை பார்த்தவள் என்று பெண்கள் பேசினார்கள். நானும் பேசினேன். ஜாடி தண்ணீர்தான் என்றால் மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்ததை விற்றிருப்பாள், மனசு குத்தியதால் வந்து சொன்னாள். இப்படி ஒரு கணக்கு எங்களுக்கு இருந்தது. ஒரு மாதத்துக்குள் அக்கரை ஆலை அவளை வேலைக்கு எடுத்தபோது, பார்த்தாயா என்றோம்.

ரைனரோ அடுத்த திங்கட்கிழமையும் ஜாடியோடு வந்தார். புதுத் தொட்டிக்காரனைச் சுவரைப் பார்க்கச் சொன்னார். அவனும் திரும்பி நின்றான். இப்போது உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று எங்களில் பாதிப்பேர் நம்பினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து பால்ட்ஸுக்கும் வால்பூர்காவுக்கும் அக்கரைக் கத்தோலிக்க ஆலயத்தில் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போனது நான் ஒருத்தி. விருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கெப்ஹார்ட் என்ற முதியவர், அக்கரை ஆலையின் சாயத் தலைவர். இரண்டு கோப்பைக்குப் பிறகு, சலோமேயா உங்களுக்கு எவ்வளவுக்கு விற்றாள் என்று கேட்டுவிட்டேன்.

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவ எங்ககிட்ட வந்தப்போ எங்க சிவப்பு சந்தைக்கு வந்து மூணு மாசம் ஆயிருந்துச்சும்மா. ரைனரும் நானும் மூலூஸ்ல ஒரே கட்டில்ல படுத்தவங்க. ஒரே ஆசான். தொழில வெளிய கொண்டுபோக மாட்டோம்னு பைபிள் மேல சத்தியம் வாங்கினாரு. மெல்கியோர் ஆறாம் வருஷமே ஓடிட்டான். நான் ஆசான் சாகற வரைக்கும் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்போ அந்த ஜாடி?"

"எங்க ஆசானும் ஒண்ணு வெச்சிருந்தாரு."

நீங்கள் இங்கே வந்தது ரைனருக்குத் தெரியுமா என்று கேட்டேன். வந்த முதல் வாரமே சந்தையில் பார்த்ததாகச் சொன்னார். ரைனர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தாராம்.

திருடன் யாரும் இல்லை என்று அந்த மனிதருக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் எங்களைச் சோதித்தார், தெரிந்தும் என் அண்ணனை நிறுத்தினார். அந்த வசந்தத்தில் அச்சுக்காரர்கள் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியவன் பால்ட்ஸ். சோதனை தொடங்கிய வாரமே மனு நின்றுபோயிற்று. பக்கத்தில் நிற்பவனை நம்பாதவன் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவான்? அதற்காகத்தான் செய்தார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்கு வேறு விதமாக யோசிக்க வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்பூர்கா சுட்ட பேரிக்காய் ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சலோமேயாவின் புது வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவையும் கதவு கையகலம்தான் திறந்தது.

"யார் அனுப்பினாங்க உன்னை?"

யாரும் அனுப்பவில்லை என்றேன். உள்ளே விட்டாள். மேஸ்திரி மனைவியிடம் நான் சொன்னதை நின்றபடியே ஒப்புக்கொண்டேன்.

"தெரியும். விசாரிச்ச அன்னிக்கே உன் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க."

"தெரிஞ்சுமா எங்க அண்ணனுக்காக வந்து பேசினீங்க?"

"உங்க அண்ணனுக்காக வரல." ரொட்டியை வெட்டிக்கொண்டே சொன்னாள். "பதினோரு வருஷம் அந்தச் சுவத்தப் பாத்தேன். அதுல நாலு வருஷம், தண்ணி ஊத்தறாருன்னு தெரிஞ்சே பாத்தேன். தெரியும்னு சொன்னா நான்தான் திருடி. சொல்லலேன்னா நான் மடச்சி. மடச்சியா இருந்து சலிச்சுப் போச்சு."

முதல் துண்டை என் பக்கம் தள்ளினாள். நான் கடித்து, மென்று, விழுங்கும் வரை காத்திருந்தாள். பிறகுதான் தன் துண்டை எடுத்தாள். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை போய்வந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல், நான் முதலில் விழுங்கிய பிறகுதான் அவள் தின்றாள். எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

கெப்ஹார்ட் ஓய்ந்தபிறகு சாயக்கூடத்தின் பொறுப்பு அவளிடம் வந்தது. பெண்ணை அந்த இடத்தில் வைத்தது பள்ளத்தாக்கில் அதுதான் முதல் தடவை என்பார்கள். அறைகளுக்கு நடுவிலிருந்த கதவுகளை அவள் கழற்றி வைத்துவிட்டாள். எண்ணெய் எத்தனை நாள், படிகாரம் எவ்வளவு, ரத்தம் எப்போது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வெளியே வந்து, இவ்வளவு தாராளமாகச் சொல்கிறாள் என்றால் முக்கியமான ஒன்றை மறைக்கிறாள் என்று அர்த்தம் என்றார்கள்.

ரைனர் எழுபத்தாறு வயதில் செத்தார். எங்கள் கரையில் எல்லாக் கடைகளையும் அடைத்தார்கள், வாய்க்கால் முகப்பில் அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

சலோமேயா அதற்கு ஐந்து வருஷம் கழித்து, மார்ச் மாதத்தில், நுரையீரல் காய்ச்சலில் போனாள். அடக்கத்துக்குப் பதினைந்து பேர் வந்திருந்தோம். திரும்பி வரும்போது, அவளிடம் தொழில் கற்ற இரண்டு பேர் முன்னால் வேகமாக நடந்து போவதைப் பார்த்தேன். நான் அவள் வீட்டை அடைந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்திருந்தார்கள், ஜெபப்புத்தகத்தின் அட்டையைக் கிழித்திருந்தார்கள். ஒருவன் அடுப்புக்கல்லை நெம்பிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கற்றுக்கொடுத்து ஆளாக்கியவள் அவள்தான்.

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டாங்க" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க எப்பவுமே இங்க வந்துட்டுப் போனவங்கதானே, உங்களுக்குத் தெரியாம இருக்குமா" என்றான்.